இனிஷியல் இல்லாத பலகை

பேரூராட்சித் தீர்மானம் எண் நாற்பத்தேழு:
ஆஸ்பத்திரித் தெருவை இனிச் 'சேவுகன் வீதி' என்று அழைப்பது.
ஏகமனதாக நிறைவேறியது.
எந்தச் சேவுகன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் லூர்துசாமி, பலகை எழுதுகிறவர்.
தகரத்துக்கு மஞ்சள் பூசிக் காயவைத்துவிட்டு
பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு வந்து நின்றார்:
"இனிஷியல் சொல்லுங்க மேடம்."

நான் வரிப் பிரிவு. பள்ளத்தூருக்கு மாற்றலாகி எட்டு மாதம்.
பழைய பேரேட்டைத் திறந்தேன்.
தாத்தன் பேர் பேரனுக்கு என்பது இங்கே எழுதாத சட்டம்.
மு.சே., சே.மு., மு.சே.மு.,
சே.மு.சே.மு.சே. . .
வாய்விட்டுப் படித்தால்
செட்டிநாடு ஸ்டேஷனில் நிற்காமல் போகிற கூட்ஸ் வண்டி.

ஊருணி வெட்டியவர் ஒரு சேவுகன்.
கல்வெட்டு இருக்கிறது, தகப்பன் பெயர் மட்டும் இல்லை.
அந்த வரி இருந்த கல்லில்
துணி துவைத்துத் துவைத்து வழவழவென்று ஆகிவிட்டது.

மோல்மீனில் லேவாதேவி செய்தவர் இன்னொருவர்.
வட்டியாக வந்த வயல்கள்
ஜப்பான்காரன் விமானத்தோடு போயின.
நடந்தே ஊர் வந்து சேர்ந்தார் என்று ஒரு கட்சி,
அரக்கான் காட்டிலேயே நின்றுபோனார் என்று ஒரு கட்சி.
அவருடைய கடைசிக் கடிதத்தில்
"அடுத்தாளுக்குக் காய்ச்சல், அரிசி விலை இறக்கம்"
என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மஞ்சள் கடுதாசி கொடுத்த சேவுகனும் உண்டு.
அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும்
எல்லோரும் இனிஷியலைத் திருத்தமாகச் சொல்கிறார்கள்.

தேவகோட்டை கோர்ட்டில் ஒரு வழக்கு.
வாதி சேவுகன், பிரதிவாதி சேவுகன்,
பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் சேவுகன்.
டவாலி வழக்கப்படி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறான்.
மூன்று பேரும் உள்ளே போனார்கள்.
தீர்ப்பு சேவுகனுக்குச் சாதகம் என்று ஊருக்குத் தந்தி வந்ததாம்.
இரண்டு வீட்டிலும் பாயசம்.

அப்புறம் அந்தப் பையன்.
பிள்ளை இல்லாத வீட்டுக்குப்
புதுவயலிலிருந்து கூட்டிவந்த பிள்ளை.
காலையில் வண்டியிலிருந்து இறங்கும்போது காசிநாதன்.
மாலை சாப்பாட்டுக்கு உட்காரும்போது சேவுகன்.
மறுநாள் பள்ளிக்கூடத்தில்
வாத்தியார் பழைய பேரைக் கூப்பிட்டார்.
பையன் வாய் திறக்கவில்லை.
புதுப் பேரைக் கூப்பிட்டார்.
அதற்கும் இல்லை.
பதிவேட்டில் இரண்டு பேருக்கு நேராகவும் 'ஆ' போட்டிருக்கிறது.
பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே
இரண்டு தடவை வராமல் போன ஒன்பது வயது.

ஆஸ்பத்திரிக்கு நிலம் எழுதிக்கொடுத்தவர் அவர்தான்.
தானப் பத்திரத்தைப் பார்த்தேன்.
கையெழுத்து இடத்தில் ஒரு 'கா',
மேலே ஒரு கோடு,
பக்கத்தில் நிதானமாகச் 'சேவுகன்'.
அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று.

தலைவரிடம் சொன்னேன்.
சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்திருக்கிறது:
பலகைச் செலவு எங்களுடையது, எங்கள் ஐயா பேர்தானே.
தெற்கு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து
அதையே சொல்லி, பணத்தையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
தலைவர் இரண்டு ரசீதையும் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.
"இனிஷியல் வேணாம்மா.
எல்லாச் சேவுகன் வீட்டுலயும் ஓட்டு இருக்கு."

லூர்துசாமி எழுதி முடித்தார்.
'சே'க்கு முன்னால் நான்கு விரற்கடை இடம் விட்டிருந்தார்.
கேட்டதற்கு,
"பின்னால தேவைப்படும் மேடம். எனக்கு இந்த ஊரைத் தெரியும்."

திங்கட்கிழமை அந்த இடத்தில் சாக்பீஸில் 'மு.'
வியாழக்கிழமை அதை அழித்துச் 'சே.மு.'
சனிக்கிழமை யாரோ
நாலு எழுத்தை நெருக்கி நெருக்கி எழுதப் பார்த்து
இடம் போதாமல் விட்டிருந்தார்கள்.

நேற்று ராத்திரி நல்ல மழை.
காலையில் பலகை சுத்தமாக இருந்ததாம்.
பத்து மணிக்கு மேல் ஒரு 'கா.'
கோணலாக, எட்டாமல் எக்கி எழுதியது.

அலுவலகச் சில்லறைச் செலவுக் கணக்கில்
சாக்பீஸ் எதுவும் காட்டப்படவில்லை.